சேஃப்டிக்கு ஒரு பட்டை

19 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியில் சாலமோன் என் எடையைக் கேட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இந்த மனுஷன் என் செருப்பு சைஸைக்கூடக் கேட்டதில்லை. “நாப்பத்தாறு கிலோ. எதுக்கு?” என்றேன். “சும்மாதான்” என்றார்.

சாலமோன் சும்மாதான் என்று சொன்னால் சும்மா இல்லை என்று அர்த்தம். சோற்றில் மீன் குழம்பை ஊற்றும்போது மறுபடி கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. பட்டறையில் ப்ளேன் கட்டப் போகிறார்களாம்.

அது பச்சையப்பன் அண்ணனின் லாரி பாடி கட்டும் பட்டறை. எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. சாலமோன் அங்கே வெல்டர்.

“லாரி கட்டறவங்க ப்ளேன் கட்டுவீங்களா?”

“மோட்டார்லாம் கெடையாது. குட்டியானை வண்டில கயிறு கட்டி இழுத்தா தூக்கும். அவ்ளோதான்.”

“யாரு உக்காருவாங்க?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, “நானு எம்பத்தாறு. மத்த ரெண்டு பேரும் என்ன வுட ஜாஸ்தி” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது வேறொரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. துணியும் குழாயும் எப்படி ஒரு ஆளைத் தூக்கும்?

26 ஜனவரி, ஞாயிறு

பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். மூன்றாவது ஆள் துளசிராமன். மாதர்பாக்கம் பக்கம் நெல் நிலமும் இரண்டு லாரியும் வைத்திருப்பவர். என் அம்மா அவருடைய அப்பாவின் கழனியில் நாற்று நட்டிருக்கிறாள். அதனாலோ என்னவோ, என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “ஜெபா மேடம்” என்றார். நான் “சார்” என்றேன். இரண்டு பேருக்குமே இடித்தது.

எல்லாம் ராக்கெட்டால் வந்த வினை. போன வருஷம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்ட ஒரு சாயங்காலம், வழக்கம்போல் பட்டறையே ரோட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறது. லாரியை ரிப்பேருக்கு விட வந்த துளசிராமனும் நின்றிருக்கிறார். “அத்த கட்டுனவனும் தகடு, ரிவிட்டு வெச்சிதானே நைனா கட்டியிருப்பான்” என்றாராம். பச்சையப்பன் அண்ணன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவில்லை.

முன்னால் ஒரு இறக்கை, பின்னால் ஒரு இறக்கை, நடுவில் ஒரு நீளக் குழாய். வால் கிடையாது. ஏன் இரண்டு இறக்கை?

“நீட்டா ஒண்ணு கட்ட நம்மகிட்ட எடமில்லமா” என்றார் அண்ணன். “பட்டறைல கீற அச்செல்லாம் இருவத்திரண்டு அடி லாரிக்கு. அதான் ரெண்டா ஒடச்சிட்டோம்.”

ஆக, ஒரு விமானத்தின் அளவை லாரி முடிவு செய்திருக்கிறது. உலகத்தில் வேறு எங்காவது இப்படி நடந்திருக்குமா? துளசிராமன் போனில் தேடியிருக்கிறார். இரண்டு இறக்கை வைத்து யார் யாரோ கட்டியிருக்கிறார்களாம், ஆனால் இந்தக் காரணத்துக்காக யாரும் கட்டியதாகத் தெரியவில்லையாம். மேலேயிருந்து பார்த்தால் இரண்டே படி உள்ள ஏணி மாதிரி இருக்கும். அதனால் ஏணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சாலமோன் என் பக்கம் திரும்பவே இல்லை.

3 பிப்ரவரி

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட். கையை வெளியே நீட்டித் தட்டையாக வைத்தேன். விரலைக் கொஞ்சம் தூக்கினால் கை தானாக மேலே போகிறது. இன்னும் தூக்கினால் பின்னால் அடித்துத் தள்ளுகிறது. கம்பெனி இருக்கும் தேர்வாய் கண்டிகை வரும்வரை இதே வேலை. பக்கத்து சீட் நர்மதா, “யாருக்குடி டாட்டா காட்டிக்கினு வர?” என்றாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

இதற்கெல்லாம் பர்மிஷன் வேண்டாமா என்று கேட்டேன். பறக்க வேண்டுமென்றால் வேண்டும். அதுவும் ராக்கெட் விடும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்றார் துளசிராமன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

பச்சையப்பன் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “கயிறு அறுத்துக்கினு போனாத்தான்பா ப்ளேனு. கயித்துல கீற வரைக்கும் அது பட்டம். பட்டத்துக்கு எவன் பர்மிஷன் வாங்கறான்?”

இது நாட்டுச் சட்டமா, பச்சையப்பன் அண்ணன் சட்டமா, தெரியவில்லை. கடைசியில் இப்படி முடிவாயிற்று: கயிற்றை அவிழ்க்கக் கூடாது. ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. துளசிராமன் நிலத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரி வெயில் காலத்தில் காய்ந்துவிடும். அங்கேதான் ஓட்டுவது. மழை வந்து ஏரியில் தண்ணீர் நின்றால் அடுத்த வருஷம்தான். ஆனால் அடுத்த வருஷம் என்பதே கிடையாது என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார். ஆடியில் லாரி ஆர்டர் வருகிறது, இடம் வேண்டும். அதற்குள் ஏணி தூக்கவில்லை என்றால் காயலான் கடைக்கு.

எவ்வளவு மேலே போனாலும் கீழே நிற்பவர் கை எட்டும் உயரம். அவ்வளவுதான். இருந்தும் எனக்கு அது வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து கார் லைட்டில் கீறல் தேடுகிற வேலை எனக்கு. ஒரு தடவையாவது கீழே இருப்பது எல்லாம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு

லெந்து நோன்பு ஆரம்பித்துவிட்டது. நான் காலைச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். சாலமோன் எந்த லெந்துக்கும் ஒரு வேளைகூட விட்டதில்லை. “வெல்டிங்கு அடிக்கறவன் பட்டினி கெடந்தா கை நடுங்கும்” என்பார். கர்த்தர் வெல்டர்களுக்குத் தனியாகச் சலுகை கொடுத்திருக்கிறார் போல.

இறக்கைக்குத் துணி தைப்பது என் பொறுப்பு. குடைத்துணி மாதிரி இருக்கும் பாராசூட் துணி. குழாய் எலும்பின் மேல் இழுத்துத் தைத்து, விரலால் தட்டினால் தப்பு மேளம் மாதிரி சத்தம் வருகிறது. அதைத் தட்டிக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

6 ஏப்ரல், ஞாயிறு

பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எடைக் கணக்கு போட்டேன். ஒவ்வொருவரும் அவரவர் கட்டியதன் எடையைச் சொன்னார்கள், நான் கூட்டினேன். இறக்கைகள், நடுக்குழாய், சீட், சக்கரம், துணி எல்லாம் சேர்ந்து எழுபத்தைந்து கிலோ. என்னையும் சேர்த்தால் நூற்றிருபத்தொன்று. குட்டியானை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் போதும், தூக்கிவிடும் என்று துளசிராமன் கணக்கு சொல்கிறது. ஏரி மண்ணில் நாற்பதுக்கு மேல் போக முடியாது, குட்டியானையே பறந்துவிடும்.

20 ஏப்ரல்

ஈஸ்டர். பிரியாணி. பச்சையப்பன் அண்ணன் ஏணிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். பச்சை பார்டர் வேறு.

11 மே, ஞாயிறு

தூக்கவில்லை.

விடியற்காலையே ஏரிக்குப் போய்விட்டோம். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, நான் மனசுக்குள் ஜெபம் பண்ணி, எந்தச் சாமியையும் விடவில்லை. ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தேன். கையில் ஒரு கம்பி. இழுத்தால் முன்னிறக்கை நிமிரும், தள்ளினால் குனியும். அண்ணன் குட்டியானையை எடுத்தார். துளசிராமன் பின்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிவப்புத் துணி ஆட்டிக்கொண்டே வந்தார். சாலமோன் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டார்.

தடதடதட. பல் எல்லாம் ஆடியது. கம்பியை இழுத்தேன், இன்னும் இழுத்தேன். மாட்டுவண்டி மாதிரி ஏரியின் அந்தக் கரை வரை போய்ச் சேர்ந்தேன். நாலு தடவை.

திரும்பி வரும்போது ஆளுக்கொரு காரணம். காற்று இல்லை. காற்று அதிகம். இறக்கையின் வளைவு சரியில்லை. பின்னிறக்கை முன்னிறக்கையின் காற்றைத் தின்கிறது. சாலமோன் மட்டும் பேசவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தமாகவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, இந்த ஆள் ஏன் வருத்தப்படவில்லை?

12 மே

வேலையில் கவனம் இல்லை. கீறல் விழுந்த ஒரு லைட்டை விட்டுவிட்டேன், சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். எனக்கு ஒரே கேள்விதான். கணக்கில் தூக்குகிறது, ஏரியில் தூக்கவில்லை. அப்படியென்றால் ஏரியில் இருப்பதும் கணக்கில் இருப்பதும் ஒன்று இல்லை. ஏணியை யாராவது எடை போட்டோமா?

18 மே, ஞாயிறு

ஏணியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் லாரி எடை போடும் வேபிரிட்ஜுக்குப் போனோம். அங்கே இருந்தவர் மஞ்சள் இறக்கையைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, பேனர் கம்பியா?” என்றார். ஏணியோடு ஒரு தடவை, இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை. கழித்துப் பார்த்தால் நூற்று நாற்பது.

சுவரில் எழுபத்தைந்து! மெஷின் தப்பு என்றார் பச்சையப்பன் அண்ணன். மறுபடி போட்டோம். அதே நூற்று நாற்பது.

அரிசி மண்டியிலிருந்து ஒரு தராசை இரவல் வாங்கி வந்து, பட்டறையில் ஏணியைக் கழற்றி ஒவ்வொன்றாக வைத்தோம். துளசிராமன் எடை சொன்ன நடுக்குழாய்க்குள் இன்னொரு குழாய் இருந்தது. “ஒண்ணு மடங்கிட்டா இன்னொண்ணு தாங்கும்னு, சேஃப்டிக்கு” என்றார் துளசிராமன், தரையைப் பார்த்துக்கொண்டு. இறக்கை மூலைகளில் எல்லாம் இரும்புப் பட்டை. “அது நானு. சேஃப்டிக்கு” என்றார் அண்ணன். பெயிண்டும் இரண்டு கோட்டாம்.

நான் நன்றாகத் திட்டினேன். சொன்ன எடை ஒன்று, கட்டிய எடை ஒன்றா என்று.

“யாருமா சொன்ன லோடு ஏத்தறான்?” என்று அண்ணன் திருப்பிக் கேட்டார். “பத்து டன்னும்பான், பதினஞ்சு ஏத்துவான். நாங்க பதினஞ்சுக்குக் கட்டிட்டு வாயத் தொறக்காம இருப்போம். சொன்னா இருவது ஏத்துவான். முப்பது வருஷமா கை அப்டியே பழகிப்போச்சு.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் ஒருத்தன்தான் கூடுதலாகப் போட்டோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சாலமோன் இறக்கைத் துணியைத் தராசில் வைத்தார். கூடுதலாகப் போட்டவள் நானும்தான். ஒரு தையல் போட வேண்டிய இடத்தில் மூன்று தையல், ஓரத்தில் நாடா வேறு.

கடைசியாக சீட். அதை வேறு யாரும் தூக்கி வைக்கவில்லை. சாலமோனே தூக்கி வைத்தார். லாரி கேபினுக்குப் போடும் கனமான சதுரக் குழாயில், எனக்கு அடியிலும் பக்கத்திலும் முதுகிலும் ஒரு கூண்டு. மேலே ரெக்சின் போட்டு மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் கனம்.

19 மே

மற்ற இரண்டு பேரும் கழற்ற ஒத்துக்கொண்டார்கள். சாலமோன் மாட்டேன் என்கிறார். வீட்டில் ஒரே சண்டை.

“தூக்கவே கூடாதுன்னு கட்டுனீங்களா?”

“தூக்கறதுக்குத்தான் மூணு பேரு கீறீங்களே. வுழுந்தா இன்னா ஆவும்னு ஒர்த்தனாவது பாக்க வேணாவா?”

“ஒரு ஆளு ஒசரம்! அதுலருந்து வுழுந்தா?”

“போன வருஷம் லாரி மேலருந்து வுழுந்தானே நம்ம பட்டறை அந்தோணி, அது எவ்ளோ ஒசரம்? இன்னும் நேரா நடக்கறானா?”

பேஜாரு புடிச்ச மனுஷன். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஐந்து மாசமாக அவர் இதை மட்டுமே நினைத்துக்கொண்டு வெல்டிங் அடித்திருக்கிறார். ஏணி தூக்காத அன்று அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா. ‘பயமா கீது ஜெபா’ என்று மூன்று வார்த்தைகூட இல்லை. அதற்கு இத்தனை இரும்பு.

கூண்டு இருந்தால் தூக்காது. கூண்டை எடுத்தால் அவர் விடமாட்டார். பலவந்தமாகப் போய் உட்கார எனக்கும் மனசு இல்லை. என்ன செய்வது?

25 மே, ஞாயிறு

எங்கள் கம்பெனியில் பேக்கிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பெட்டியை மேலேயிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். அதையே செய்யலாம் என்றேன். யார் சொல்வது சரி என்று சண்டை போடுவதைவிடப் போட்டுப் பார்த்துவிடுவது மேல். மெல்லிய குழாயில் இன்னொரு சீட் செய்து தரச் சொன்னேன். சாலமோன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே செய்தார், ஆனால் ஒழுங்காகச் செய்தார்.

கோணிப்பை நிறைய மணல், சரியாக நாற்பத்தாறு கிலோ. முதலில் அவருடைய கூண்டு சீட். மூட்டையை வைத்துக் கட்டி, பட்டறையில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கில் ஏற்றி, ஒரு ஆள் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டோம்.

டமார். கூண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு குழாய்கூட வளையவில்லை. சாலமோன் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தாயா என்பது போல. அப்போதுதான் மணல் கொட்டும் சத்தம் கேட்டது. மூட்டை அடியில் தையல் விட்டு, மணல் சரசரவென்று சீட்டிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

துளசிராமன், “பழைய கோணியா இருக்கும்” என்றார். புதுக் கோணியில் மணலை மாற்றி, மெல்லிய சீட்டில் வைத்து அதே உயரத்திலிருந்து விட்டோம். கால் குழாய்கள் நாலும் மடங்கி, சீட் நாய் படுத்த மாதிரி படுத்துவிட்டது. மூட்டை அப்படியே இருந்தது.

நிஜமாகவே நான் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டுமே தாங்கும், சண்டை முடியும் என்றுதான் நினைத்தேன். அடி எங்கே போகிறது? குழாய் வளைந்தால் குழாயோடு போகிறது. குழாய் வளையவில்லை என்றால் மூட்டைக்கு வருகிறது. கம்பெனியில் பெட்டிக்குள் நசுங்குகிற தெர்மகோல் வைப்பது இதற்குத்தான் போல, இத்தனை வருஷம் அதை நான் யோசித்ததே இல்லை.

சாலமோன் கூண்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழிந்த கோணிக்குள் கையை விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. “என் கையால உன்ன…” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பச்சையப்பன் அண்ணன் டீ சொல்லுகிற சாக்கில் துளசிராமனை வெளியே கூட்டிப் போய்விட்டார்.

கூண்டை அவரே கட்டரில் அறுத்தார். யாரையும் தொட விடவில்லை.

26 மே

மூன்று தையலில் இரண்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். போடுவதைவிடப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்.

8 ஜூன், ஞாயிறு

முந்தாநாள் மறுபடி தராசில் போட்டோம். எண்பத்திரண்டு. இதற்கு மேல் அண்ணன் ஒரு பட்டையைக்கூடத் தரமாட்டார். போதும் என்றேன்.

நேற்று சாயங்காலம் வானம் கருத்தது. மழை வந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயந்துகொண்டே படுத்தேன். வரவில்லை. விடிந்ததும் ஏரி. முதலில் மணல் மூட்டையை உட்காரவைத்து, கம்பியைக் கட்டி வைத்து இழுத்தோம். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்து இறங்கியது. நாங்கள் நாலு பேரும் போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஓடிவிட்டன.

பிறகு நான். சாலமோன் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். “கூடுதலா எதுவும் போடலியே?” என்று கேட்டேன். “சத்தியமா இல்ல” என்றார்.

அதே தடதட. அதே பல் ஆட்டம். கம்பியை மெதுவாக இழுத்தேன், பஸ் ஜன்னலில் விரலைத் தூக்கியது போலக் கொஞ்சமாக. சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. எதுவோ உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, சக்கரம் தரையில் இல்லை. குட்டியானைச் சத்தம் எங்கேயோ தூரத்தில். என்னைச் சுற்றிக் காற்று மட்டும். இறக்கைத் துணி தப்பு மாதிரி அதிர்கிறது, ஆனால் நான் அசையவே இல்லை, யாரோ உள்ளங்கையில் வைத்துக்கொண்ட மாதிரி.

பக்கத்தில் சாலமோன் ஓடி வந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சொட்டை! பதினாலு வருஷமாக நான் அவரைக் கீழேயிருந்தே பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டேன். சிரித்ததில் கம்பியை இன்னும் இழுத்துவிட்டேன் போல. மூக்கு தூக்கியது.

“தங்கச்சி, மூக்க எறக்கு! எறக்கு!” குட்டியானையிலிருந்து துளசிராமன் சிவப்புத் துணியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காட்டினார்.

“எறக்கறேண்ணா!” என்று நானும் கத்தினேன். தள்ளினேன், கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டேன். டொம்மென்று தரை. ஒரு பக்கச் சக்கரம் கோணிக்கொண்டது, சீட்டுக் குழாய் ஒன்று மடங்கியது. எனக்கு நாக்கில் கடி, அவ்வளவுதான்.

சாலமோன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். முதலில் மடங்கிய குழாயைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என் முதுகைத் தடவினார். அப்புறம் பேச்சு வந்தது.

“மேல எப்டி கீது?”

“உங்க சொட்ட தெரியுது.”

தலையைத் தடவிக்கொண்டே நின்றார். “வேற?” என்றார். “வேற இன்னா தெரிஞ்சுது?” கேட்டுக்கொண்டே இருந்தார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் தெரிந்ததா, காற்று எப்படி, வயிற்றைக் கலக்கியதா, கம்பி கனமா. சர்ச்சுக்கு லேட்டாகப் போனோம். பெந்தெகொஸ்தே ஞாயிறு, கடைசி பெஞ்சுதான் கிடைத்தது. பாட்டுக்கு நடுவில் குனிந்து என் காதில், “கைய வுட்டா நேரா போவுதா?” என்றார்.

15 ஜூன்

மழை. ஏரி நிறைய சேறு. ஏணி தார்ப்பாய்க்கு அடியில். காயலான் கடைப் பேச்சை அண்ணன் எடுக்கவில்லை, புது லாரியைப் பட்டறைக்கு வெளியே வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

6 ஜூலை, ஞாயிறு

கொஞ்ச நாளாகவே கவனிக்கிறேன். ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு சாலமோன் எழுந்துவிடுகிறார். உடம்பு சரியில்லையா என்று கேட்டால் பசியில்லை என்கிறார். லெந்துக்கே ஒரு வேளை விடாத ஆள். இன்றைக்கு மீன் குழம்பு வைத்திருந்தேன். சோற்றை இரண்டாம் தடவை போடப் போனால் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் அவருக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அரிசி மண்டித் தராசை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, ஓரத்தில் கிடந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாக்கெட்டில் இருந்த சாவியையும் போனையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, சாலமோன் அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். முதுகு என் பக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது பின்னாலிருந்தே தெரிந்தது.

“எவ்ளோ?” என்றேன்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. “எம்பத்தாறு இருந்துது, இப்ப எம்பத்தி ரெண்டு” என்றார். பிறகு, “நீ எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்” என்றேன்.